சென்னையில் புதையல்களையும் புகழ்வாழ்வுகளையும் ஊன்றிப் பார்க்க: அருங்காட்சியக உலாவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்லி வந்தார்கள். எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் 1851-இல் நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்ற பெயரில் இயங்கிய கட்டடத்தில் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. அதனால் ஒட்டிக்கொண்ட ‘காலேஜ்’ என்ற சொல், 1854-இல் அது எழும்பூருக்கு இடம் மாறிய பின்னும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. என் பாட்டியின் தலைமுறை அந்தப் பெயரை வெகு இயல்பாகச் சொல்லும். ஆனால் அங்குள்ள பொருள்கள் செத்துக் கிடப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் நாம் பார்க்கும் முறைதான் என்பது, பல ஆண்டுகளாக அங்கே போய்வந்த பிறகு எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எந்தப் பொருளிடமும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இது முதலில் எங்கே இருந்தது? யார் கை இதைத் தொட்டது? இங்கே எப்படி வந்து சேர்ந்தது? இந்த மூன்றுக்கும் விடை தேடிக்கொண்டு நடப்பவருக்கு ஒரு கூடமே ஒரு நாளுக்குப் போதும். இந்த வழிகாட்டி அந்த மூன்று கேள்விகளைச் சுற்றி அமைந்தது. எழும்பூருக்கு ஒரு நாள், கோட்டைக்கு அரை நாள், பெரியோர் வாழ்ந்த வீடுகளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க முயன்றால் கால் வலி மட்டுமே மிஞ்சும்.

படி 1: கிளம்புமுன் செய்ய வேண்டியவை

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் எழும்பூரில் கதவு திறக்காது. மற்ற நாட்களில் காலையில் திறந்தவுடனே நுழைந்துவிடுவது சிறந்தது. பதினோரு மணிக்கு மேல் பள்ளிப் பேருந்துகள் வரத் தொடங்கினால் செப்புத் திருமேனிகளின் கூடத்தில் அமைதியாக நிற்க இடம் கிடைக்காது. நுழைவுக் கட்டணத்தையும் ஒளிப்படம் எடுப்பதற்கான விதிகளையும் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஒரு சிறு குறிப்பேடு, பென்சில், தண்ணீர், மெத்தென்ற செருப்பு ஆகியவை போதும். அதைவிட முக்கியமானது, வீட்டை விட்டுக் கிளம்புமுன்னே ஐந்து பொருள்களைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொள்வது. எழும்பூர் வளாகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. எதையும் தேர்ந்துகொள்ளாமல் போகிறவர், திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்து வியந்துவிட்டு, மற்றவற்றின் முன்னால் நடந்து மட்டுமே போகிறார். குழந்தைகளை அழைத்துப் போவதானால் அந்த ஐந்தில் இரண்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

படி 2: பல்லாவரத்துக் கல்லிலிருந்து தொடங்குங்கள்

தொல்பழங்காலக் கருவிகள் இருக்கும் கூடத்தைப் பெரும்பாலோர் கடந்து போய்விடுகிறார்கள். பார்ப்பதற்கு வெறும் கற்களாகத்தான் இருக்கும். ஆனால் உலாவை அங்கிருந்து தொடங்கும்படி நான் வற்புறுத்துவேன். நிலவியல் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கான சான்று என்று அடையாளம் காணப்பட்ட முதல் கருவிகளுள் அது ஒன்று. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய அடுக்கு ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபூட் தம் வாழ்நாளில் திரட்டிய தொகுப்பைச் சென்னை அரசு 1904-இல் விலைக்கு வாங்கி இந்த அருங்காட்சியகத்தில் சேர்த்தது.

தாம்பரம் மின்சார ரயிலில் நாள்தோறும் பல்லாவரத்தைக் கடப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரு கைக்கோடரியின் முன் நின்று, அதைப் பிடிக்க உங்கள் விரல்கள் எப்படி மடங்க வேண்டும் என்று கையை மடக்கிப் பாருங்கள். சில்லுகள் பெயர்க்கப்பட்ட தடங்களை எண்ணுங்கள். எந்தப் பக்கம் கூராக்கப்பட்டது, எந்தப் பக்கம் உள்ளங்கையில் பொருந்துவதற்காக விடப்பட்டது என்பது தெரிந்தவுடன் அந்தக் கல் கருவியாகிவிடும்.

அடுத்ததாக ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள். தாமிரபரணிக் கரையிலுள்ள அந்த இடுகாட்டில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்த தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் ஆகியவற்றுள் பெரும்பகுதி எழும்பூருக்கு வந்தது. பொன்பட்டத்தின் தகடு எவ்வளவு மெல்லியது என்பதைக் கவனியுங்கள். இறந்தவருக்கு அணிவிப்பதற்காகவே செய்யப்பட்டிருக்கலாம் என்ற எண்ணம் அதைப் பார்க்கையில் எழும். கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனைந்து தரச் சொல்லிக் குயவனை வேண்டுவதாக ஒரு சங்கப் பாட்டு உண்டு. அந்தப் பாட்டை நினைத்துக்கொண்டு தாழியின் வாயளவைப் பாருங்கள். வேறு விளக்கப் பலகை தேவைப்படாது.

படி 3: அமராவதிக் கூடத்தில் ஒரு மணி நேரம்

கிருஷ்ணை ஆற்றங்கரையில் சாதவாகனர் காலத்தில் செழித்த பெரும் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. மூன்றாவது கேள்வி இங்கேதான் மிகவும் வலிக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர்க் கட்டட வேலைக்காகத் தூபி மேட்டைத் தோண்டியபோது சிற்பங்கள் வெளிப்பட்டன. 1797-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி அவற்றைப் பார்த்தார். கற்களிற் பல கட்டடங்களுக்குப் போயின, பல சுண்ணாம்புக் காளவாயில் வெந்தன. 1845-இல் கம்பெனி அரசின் அதிகாரி வால்டர் எலியட் அகழ்ந்து எடுத்தவை சென்னைக்கு வந்து நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பிறகு அவற்றுள் ஒரு பெரும் பகுதி 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறியது. அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரே தூபியின் உடல் இரு கண்டங்களில் பிரிந்து கிடக்கிறது என்பதை அறிந்துகொண்டு பார்க்கும்போது, உடைந்த விளிம்புகள்கூடப் பேசத் தொடங்கும்.

இக்கூடத்தில் ஒரே ஒரு சிற்பத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், நளகிரி யானையை அடக்கும் வட்டச் சிற்பத்தைத் தேடிப் போங்கள். புத்தரைக் கொல்வதற்காக இராஜகிருக நகரத் தெருவில் மதயானை ஏவிவிடப்பட்ட கதை அது. ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு முறை வருகிறது. ஒரு புறம் அது தெருவில் வெறிகொண்டு ஆளைத் தூக்கி வீசுகிறது, மறு புறம் புத்தரின் முன்னே மண்டியிட்டுப் பணிகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைச் சிற்பி கூட்டத்தின் உடல்களிலே காட்டியிருக்கிறார். யானை வரும் பக்கத்தில் மக்கள் அஞ்சிப் பின்வாங்குகிறார்கள், மாடங்களிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள், புத்தரை நெருங்க நெருங்க அசைவு அடங்குகிறது. கண்ணை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டுங்கள், பிறகு திரும்பவும் ஓட்டுங்கள். என் தங்கை மகள் ஒன்பது வயதில் இதைப் பார்த்துவிட்டு, ‘இரண்டும் ஒரே யானையா, மாமா?’ என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் சிற்பி எதிர்பார்த்திருக்க வேண்டும்.

படி 4: செப்புத் திருமேனிகள்

இந்தக் கூடத்துக்கு வருவதற்கு முன் சற்று நேரம் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். உலகின் எந்த நகரத்துக்கும் பெருமை சேர்க்கக்கூடிய திருமேனிகள் உள்ளே இருக்கின்றன; களைத்த கண்ணோடு அவற்றைப் பார்ப்பது நியாயமில்லை.

முதலில் பீடத்தைப் பாருங்கள், முகத்தைப் பிறகு பார்க்கலாம். பீடத்தின் பக்கங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். உற்சவ காலத்தில் தண்டுகளைக் கோத்துக் கட்டித் திருமேனியைத் தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோவதற்கானவை அவை. இவை கருவறைக்குள் நிலையாக நின்ற மூர்த்திகள் அல்ல, தெருவுக்கு வந்து மக்களைப் பார்த்த மூர்த்திகள் என்பது அந்தத் துளைகளால் விளங்கும். அடுத்ததாக, தேய்ந்த இடங்களைத் தேடுங்கள். பல தலைமுறைகளாக நீராட்டிலும் துலக்கலிலும் சில திருமேனிகளின் மூக்கும் கன்னமும் மழுங்கியிருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

பிறகு பின்புறம் செல்லுங்கள். சோழர் காலத் திருமேனிகளில் தலையின் பின்னே சிரச்சக்கரமும், தோளில் புரளும் குழற்கற்றைகளும், ஆடை முடிச்சுகளும் முன்புறத்துக்கு நிகரான கவனத்தோடு செய்யப்பட்டிருக்கும். அலங்காரத்தில் மறைந்துவிடும் என்று தெரிந்தும் செய்திருக்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பது இவற்றின் முறை. உருவத்தை வெளியே எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஆகவே ஒன்றைப் போல மற்றொன்று இருப்பதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இம்முறையில் வார்க்கிறார்கள்.

திருவாலங்காட்டு நடராசரின் முன் நீண்ட நேரம் நில்லுங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் இத்திருமேனியின் ஒளிப்படங்களை மட்டுமே பார்த்து 1913-இல் வியந்து எழுதினார். நமக்கோ எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் நேரில் பார்க்கக் கிடைக்கிறது. இதற்குத் திருவாசி இல்லை. வழக்கமாகக் காணும் நெருப்பு வட்டம் இல்லாததால், உடுக்கை ஏந்திய கையிலிருந்து தூக்கிய திருவடி வரை உடலின் வளைவு தடையின்றித் தெரிகிறது. நேரே நின்று பார்த்த பிறகு இரு பக்கமும் சென்று பார்க்க வேண்டும். முழு எடையும் முயலகன்மேல் ஊன்றிய ஒற்றைக் காலில் எப்படி நிற்கிறது என்பது பக்கவாட்டில்தான் புரியும்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை அடுத்துப் பாருங்கள். வலப்பாதியில் இரு கைகள், இடப்பாதியில் ஒரே கை. ஒரு காகிதத்தைக் கண்ணுக்கு முன்னே பிடித்து ஒவ்வொரு பாதியாக மறைத்துப் பாருங்கள். இடுப்பின் வளைவும் தோளின் அகலமும் இரு பாதிகளிலும் வேறுபடுகின்றன, காகிதத்தை எடுத்ததும் ஒரே உடலாகிவிடுகின்றன. இந்தப் பயிற்சியை நான் அழைத்துச் சென்ற எவரும் மறந்ததில்லை.

இத்தனை திருமேனிகளும் எப்படி இங்கே வந்தன? படையெடுப்பும் கலகமும் நேர்ந்தபோது கோயிலார் பலவற்றை மண்ணுக்குள் மறைத்து வைத்தார்கள். மறைத்தவர்கள் மறைந்தபின் இடம் தெரியாமல் போயிற்று. பின்னாளில் ஏர் உழும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் அவை வெளிப்பட்டன. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வழியாகத்தான் பல திருமேனிகளும் நாணயக் குவியல்களும் அருங்காட்சியகம் வந்து சேர்ந்தன. நாகப்பட்டினத்துப் பௌத்தத் திருமேனிகளும் மண்ணிலிருந்து வெளிப்பட்டவைதாம். 1856 முதல் சில பத்தாண்டுகளில் அவ்வூரில் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டவை கிடைத்தன. சுமத்திராவை மையமாகக் கொண்டு ஆண்ட சிறீவிசய மன்னர் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாக அளித்தான். சைவ மன்னனின் கொடையில் தழைத்த ஊரின் புத்தர்களை நடராசரைப் பார்த்த அதே நாளில் பார்ப்பது, சோழர் காலத்தைப் பற்றிய நம் எண்ணத்தை விரிவாக்கும்.

திருவாலங்காட்டுச் செப்பேடுகளையும் விட்டுவிடாதீர்கள். 1905-இல் கிடைத்த அவை முதலாம் இராசேந்திரனின் ஆட்சியில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைப் பதிவு செய்கின்றன. 31 ஏடுகளைக் கோத்த வளையத்தில் புலியும் மீனும் வில்லும் பொறித்த முத்திரை உண்டு.

நாணயக் கூடம், படைக்கலக் கூடம் இவற்றுக்கு அரை மணி நேரம் போதும். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்ட செங்கல் நிறக் கலைக்கூடக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது ஒருமுறை சுற்றி வாருங்கள்.

படி 5: கோட்டை

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள், பை சிறியதாக இருக்கட்டும். 1795-இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகையில் 1948 முதல் அருங்காட்சியகம் இயங்குகிறது.

இங்கே மூன்று பொருள்களைத் தேடுங்கள். முதலாவது, திப்பு சுல்தானைப் போரில் வென்ற தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. எல்லோரும் சிலையின் முகத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து பீடத்திலுள்ள புடைப்புச் சிற்பத்தைப் பாருங்கள். 1792-இல் திப்பு சுல்தானின் இளம் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அங்கே இருக்கிறது. மேலே வென்றவரின் பெருமை, கீழே தந்தையைப் பிரியும் சிறுவர்கள். தேனாம்பேட்டையின் செனடாப் ரோட்டுக்குப் பெயர் வந்ததும் இதே காரன்வாலிஸுக்காக எழுப்பிய நினைவு மண்டபத்தால்தான்.

இரண்டாவது, எம்டன் குண்டின் சிதறல். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் குண்டுமாரி பொழிந்தது. எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் வீடுகளில் சொல்வது அந்த இரவிலிருந்து வந்த சொல். மூன்றாவது, 1947 ஆகஸ்ட் 15 அன்று இக்கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடி. அதன் முன் சிறிது நேரம் அமைதியாக நிற்கத் தோன்றும். பக்கத்திலேயே 1680-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித மேரி தேவாலயம் இருக்கிறது. அதன் தரையில் பதித்த கல்லறைக் கற்களில் இறந்தவர்களின் வயதை மட்டும் படித்துக்கொண்டே நடந்தால், கடல் கடந்து வந்தவர்கள் எத்தனை இளமையில் மாண்டார்கள் என்பது தெரியும்.

படி 6: பெரியோர் வாழ்ந்த வீடுகள்

நினைவில்லங்களில் பார்க்கும் முறை சற்று வேறு. அங்கே பொருள்கள் எளியவை. மூக்குக் கண்ணாடி, நாற்காலி, கடிதம், சட்டை. அவற்றைச் சூழ்ந்திருக்கும் புகழுரையைப் படித்துவிட்டுத் திரும்புவது எளிது. அதற்கு மாறாக வீட்டையே படியுங்கள். அறை எவ்வளவு பெரியது? சன்னல் எதைப் பார்க்கிறது? வாசலிலிருந்து தெரு எத்தனை எட்டு?

திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலுள்ள பாரதியார் இல்லத்தில் தொடங்கலாம். கவிஞரின் இறுதிக் காலம் இங்கே கழிந்தது. பார்த்தசாரதி கோயில் யானை தாக்கி அவர் இறந்தார் என்று பலரும் நம்புகிறார்கள். 1921 ஜூன் மாதம் நடந்த அந்த விபத்திலிருந்து அவர் தேறினார், மீண்டும் பத்திரிகை அலுவலகம் சென்றார், ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய்ச் சொற்பொழிவும் ஆற்றினார். அதன் பின்னரே நோயுற்று, செப்டம்பரில் 38 வயதில் காலமானார். இல்லத்திலிருந்து கோயில் வாசல் வரை நடந்து பாருங்கள். அவர் நாள்தோறும் புழங்கிய உலகின் அளவு காலுக்குத் தெரியும். ஒருவரின் முடிவைப் பற்றிப் பரவிய கதை, அவர் வாழ்ந்த கடைசி மூன்று மாதங்களை மறைத்துவிடக் கூடாது.

அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தால் விவேகானந்தர் இல்லம். சென்னைக்கு ஐஸ் ஹவுஸ் என்றால்தான் இடம் தெரியும். ஃபிரடெரிக் டியூடர் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டியது. பனிக்கட்டி வணிகம் நலிந்த பின் பிலிகிரி அய்யங்கார் என்ற வழக்கறிஞரின் இல்லமாயிற்று. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் இங்கே தங்கினார். வட்டமான சுவர்களைப் பார்க்கும்போது பனிக்கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடம் மூன்று பிறவி எடுத்திருக்கிறது.

பிற்பகலில் தியாகராய நகர். திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர் வாடகைக்குக் குடியிருந்த வீடு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அறைகளைப் பாருங்கள். அதே நாளில் எம்.ஜி.ஆர். நினைவில்லத்துக்கும் போகலாம், விருதுகள், பரிசுப் பொருள்கள், அவருடைய டிஎம்எக்ஸ் 4777 எண் கொண்ட அம்பாசிடர் கார் எல்லாம் அங்கே உண்டு. ஒன்றில் பொருள் குறைவு, மற்றொன்றில் பொருள் நிறைவு. இருவரையும் மக்கள் தங்கள் வீட்டு மனிதராகவே எண்ணினார்கள் என்பது, அங்கே வரும் முதியவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் விளங்கும்.

படி 7: சிறப்புக் கண்காட்சிகள்

நிரந்தரக் கூடங்களைத் தெரிந்துகொண்ட பிறகே தற்காலிகக் கண்காட்சிகளுக்குப் போவது பயன்தரும். மே 18 உலக அருங்காட்சியக நாள், ஆகஸ்ட் 22 சென்னை நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் ஆகியவற்றையொட்டி நகரில் கண்காட்சிகளும் மரபு நடைகளும் நடைபெறும். வழக்கமாக வெளியே வைக்கப்படாத பொருள்கள் அப்போது காட்சிக்கு வருவதுண்டு. நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைக் கவனித்து வாருங்கள்.

படி 8: திரும்பி வந்த பிறகு

அன்றிரவே, படங்களைப் பார்க்காமல், ஐந்து பொருள்களையும் நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். கோடு நன்றாக வர வேண்டியதில்லை. எந்த இடத்தில் கை தயங்குகிறதோ, அதை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை; அடுத்த முறை அங்கே போய் நில்லுங்கள்.

ஒரு மாதத்துக்குள், அவற்றுள் ஒன்றன் சொந்த ஊருக்குப் போய்வாருங்கள். அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் திருவாலங்காடு நிலையம் வரும். அங்கிருந்து கோயில் சில கிலோமீட்டர். காரைக்காலம்மையார் ஆடல் கண்டு பாடிய தலம், நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான இரத்தின சபை. அங்கே இன்று வழிபாட்டிலுள்ள நடராசரின் முன் மாலை தீபாராதனையின்போது நில்லுங்கள். பட்டும் மாலையும் உடலை மூடியிருக்கும். திருமுகமும், அஞ்சேல் என்ற கையும், எடுத்த பொற்பாதமும் மட்டும் சுடரொளியில் தெரியும். எழும்பூரில் நீங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்த அந்த வளைவு பட்டுக்குள்ளே இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.